சோகக் கதைகள் போதும். அவர்கள் செய்த வேலையை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்த் திரையின் நகைச்சுவை நடிகர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். கலைவாணர் சிறை சென்றார், சந்திரபாபு குடித்தார், சுருளிராஜன் இளமையிலேயே போய்விட்டார், இன்னொருவர் மருத்துவமனைக் கட்டிலில் உதவி கேட்டார் என்று வரிசையாகச் சொல்லி, நம்மைச் சிரிக்க வைத்தவர்கள் தங்கள் வாழ்க்கையில் அழுதார்கள் என்று கட்டுரை முடிந்திருந்தது. இதைத் தங்கள் நாளிதழ் மட்டும் செய்யவில்லை. தமிழில் வெளிவரும் ஏறத்தாழ எல்லா இதழ்களும், நகைச்சுவை நடிகர் ஒருவர் மறைந்த மறுநாள், பெயரையும் படங்களையும் மாற்றி இதே கட்டுரையைத்தான் வெளியிடுகின்றன. ஐம்பது ஆண்டுகள் உழைத்த ஒரு கலைஞரின் தொழிலைப் பற்றி அதில் நாலு வரி கூட இருப்பதில்லை. இந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவும், இதைத் தங்கள் இதழால் சரிசெய்ய முடியும் என்று சொல்லவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனிலிருந்து தொடங்குகிறேன். 1944 நவம்பரில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு அவரும் கைதானதும், ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதும், வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி 1947-இல் இருவரும் விடுதலையானதும் எல்லோரும் அறிந்த செய்திகள். தங்கள் கட்டுரையும் அவருக்கு ஒதுக்கிய இடத்தில் பாதிக்கு மேல் இவ்வழக்குக்கே கொடுத்திருந்தது. ஆனால் விடுதலைக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பாகவதரின் திரைவாழ்வு அந்த வழக்கோடு சரிந்தது. கிருஷ்ணனின் வாழ்வோ அங்கிருந்து புதிதாகத் தொடங்கியது. அவர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய மனைவியும் நடிகையுமான டி.ஏ.மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் அவருடைய நாடக சபையைத் தாங்கி நின்றார்கள். 1947-இல் வெளிவந்த ‘பைத்தியக்காரன்’ படத்தில், விடுதலையாகி வந்த அவருக்கென்றே ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. 1949-இல் அண்ணாவின் கதை வசனத்தில் ‘நல்லதம்பி’யில் நடித்தார். 1951-இல் ‘மணமகள்’, அடுத்த ஆண்டு ‘பணம்’ என்று இரண்டு படங்களை இயக்கினார். 1957 ஆகஸ்டில், ஐம்பது வயதைக்கூட எட்டாமல் அவர் காலமானபோது, சிறையில் கழிந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்த திரைவாழ்வு இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவுதான். அந்தக் காலத்துக்குள் ஒரு மனிதர் எத்தனை செய்திருக்கிறார் என்று வியந்து எழுத வேண்டிய இடத்தில் நாம் வழக்கையே மறுபடியும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் செய்ததன் தன்மையையும் சொல்ல வேண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, வில்லுப்பாட்டும், சிறுவர்களை நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனி நாடகமும் கற்றுக்கொடுத்த பயிற்சியோடு திரைக்கு வந்தவர் அவர். படத்தின் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனியே ஓடும் நகைச்சுவைப் பகுதியைத் தாமே திட்டமிட்டு, தம் குழுவினரைக் கொண்டு எழுதி, மதுரத்தோடு நடித்து, படத்துக்குள் சேர்க்கும் முறையை அவர்தான் ஒரு தொழிலாக நிலைநிறுத்தினார். பின்னாளில் நாம் ‘காமெடி டிராக்’ என்று சொல்லிக்கொண்ட முறை அதுதான். கவுண்டமணி, வடிவேலு, விவேக் எல்லோரும் அவர் போட்டுக்கொடுத்த அந்தப் பாதையில் நடந்தவர்களே. உடுமலை நாராயணகவியின் பாடல்களை அவர் எப்படிப் பேச்சும் பாட்டும் கலந்த ஒரு விவாதமாக மாற்றினார், புராணப் படத்துக்குள் நின்றுகொண்டே மூடநம்பிக்கையை எப்படிக் கேள்வி கேட்டார், எதிரே மதுரத்தைப் பேசவிட்டு அவரை வெல்லவும் வைத்துத் தாம் தோற்றுக் காட்டியதால் அந்தக் கேள்வி எப்படி யாரையும் புண்படுத்தாமல் போய்ச் சேர்ந்தது என்பதையெல்லாம் ஆராய்ந்து எழுத நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கம்தான் ஒதுக்கப்படுவதில்லை. 1969 ஜனவரியில், நோயின் கடுமையைப் பொருட்படுத்தாமல் சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்துவைக்க அண்ணா வந்தது, இந்த மனிதரின் வேலைக்குத் தந்த மதிப்பினால்தான்.

சந்திரபாபுவுக்கு நாம் செய்துவரும் அநீதி இதைவிடப் பெரிது. அவரைப் பற்றி எழுதும் எவரும் ஜெமினி ஸ்டுடியோவில் அவர் தற்கொலைக்கு முயன்றதையும், அவருடைய மணவாழ்க்கை முறிந்ததையும், கடைசிக் காலத்து வறுமையையும் தவற விடுவதில்லை. அவருடைய மணவாழ்வு அவருடையது மட்டுமன்று, அதில் இன்னொருவரும் இருந்தார் என்ற எண்ணம்கூட இல்லாமல் அது இன்றும் பேசப்படுகிறது. தூத்துக்குடியில் பிறந்து, விடுதலைப் போராட்ட வீரரான தந்தையோடு கொழும்பில் வளர்ந்து, மேற்கத்திய இசையைச் செவிவழியாகவே உள்வாங்கி, தொண்டையைச் சட்டென்று உச்சத்துக்குத் தாவவிடும் யோடலிங் முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். தம் பாடல்களைத் தாமே பாடினார்; சிவாஜி கணேசனுக்காகவும் ஒரு படத்தில் பின்னணி பாடியிருக்கிறார். ஆடிக்கொண்டே பாடுவதாக நடிப்பது வேறு, பாட்டின் தாளத்தை உடலின் மூட்டு மூட்டாகப் பிரித்துக் காட்டுவது வேறு. சந்திரபாபு இரண்டாவதைச் செய்தார். 1958-இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடமேற்று, ரிக்‌ஷாக்காரராகச் சென்னைத் தமிழ் பேசியதைப் பாருங்கள். அந்தப் பேச்சைக் கேலிக்குரியதாக்காமல், அதற்குரிய வேகத்தோடும் குழைவோடும் பேசிக் காட்டியதால் அது அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது.

அவருடைய வீழ்ச்சியையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் காரணத்தைச் சரியாக எழுத வேண்டும். எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. அதில் பணம் போயிற்று. 1966-இல் அவர் இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ அவரைக் கரைசேர்க்கவில்லை. தம் பெயரில் கடன் வாங்கிப் படமெடுத்து நொடித்துப்போனவர்கள் தமிழ்த் திரையில் நாயகர்களிலும் உண்டு, இயக்குநர்களிலும் உண்டு, தயாரிப்பாளர்களில் சொல்லவே வேண்டாம். அவர்களுக்கெல்லாம் ‘தொழிலில் நஷ்டம்’ என்று எழுதும் நாம், சந்திரபாபுவுக்கு மட்டும் ‘சிரிப்புக்குப் பின்னால் சோகம்’ என்று எழுதுகிறோம். நகைச்சுவை நடிகரின் துயரத்துக்கு ஏதோ மர்மமான உளவியல் காரணம் இருப்பதாக நம்பவைக்கும் இந்தப் பழக்கத்தால், பணமும் ஒப்பந்தமும் வாய்ப்பும் சம்பந்தப்பட்ட உண்மைக் காரணங்கள் மறைந்துபோகின்றன.

சுருளிராஜனின் மறைவும் இப்படித்தான் எழுதப்படுகிறது. 1980-இல், நாற்பத்திரண்டாம் வயதில், தொழிலின் உச்சத்தில் இருந்தபோது அவர் மறைந்தார். நோய் ஒருவரைக் கொண்டுபோவதற்கும் அவர் நகைச்சுவை நடிகராக இருந்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘மாந்தோப்புக் கிளியே’ படத்தில் கஞ்சனாக நடித்த அவர், அந்தக் கீச்சுக் குரலில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுத்துவிட்டு, எதிரில் இருப்பவர் பேசுவதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார். குரலையே உடலாக வைத்து நடித்த ஒருவரைப் பற்றி எழுதும்போது அந்தக் குரலைப் பற்றித்தானே முதலில் பேச வேண்டும்?

நகைச்சுவை நடிப்பு ஒரு தொழில் என்றும், அதற்கு நீண்ட பயிற்சி உண்டு என்றும் நான் சொல்வதற்கு நாகேஷைவிடப் பெரிய சான்று இல்லை. 1933-இல் பிறந்து, ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே மாலை வேளைகளில் சபா நாடகங்களில் நடித்தவர் அவர். வயிற்றுவலிக்காரராக ஒரு சிறிய வேடத்தில் அவர் நடித்ததை எம்.ஜி.ஆர் பாராட்டினார் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகு நடந்ததைக் கவனித்தால்தான் அவருடைய அளவு புரியும். 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’. 1965-இல் ‘திருவிளையாடல்’, ‘நீர்க்குமிழி’. இரண்டே ஆண்டுகளில், படமெடுக்கத் துடிக்கும் இளைஞன், கைத்தட்டலுக்கு ஏங்கும் உணவகப் பணியாளர், பரிசுப் பணத்துக்கு அலையும் ஏழைப் புலவர், மருத்துவமனையில் நாள்களை எண்ணும் நோயாளி என்று ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு மனிதர்களை அவர் உருவாக்கினார். ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்கு அவர் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பேசுபவர் நாகேஷ்தான் என்றாலும், சிரிப்பு பிறப்பது பாலையாவின் முகத்தில். எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேரம் கொடுத்து, அது மாறுவதைப் பார்த்து, அதற்கேற்பத் தம் அடுத்த வரியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் அந்தக் காட்சியில் அவர் செய்த வேலை. ‘திருவிளையாடல்’ படத்தில் ஏழைப் புலவர் தருமியாகத் தனியே மண்டபத்தில் புலம்பும்போது, எதிரே ஆளில்லாமலேயே அதைச் செய்தார்.

அவருடைய பிற்காலத்தைப் பற்றி நாம் இன்னும் குறைவாகவே எழுதியிருக்கிறோம். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கொடியவராக வந்தார். 1994-இல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தார். பேச்சில்லை, பார்வையில்லை, முகத்தில் அசைவில்லை. நடிகரின் கருவிகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்ட பிறகும், மற்றவர்கள் தூக்கும் போதும் சாய்க்கும் போதும் அந்த உடல் எடுத்துக்கொள்ளும் கோணங்களால் மட்டுமே திரையரங்கைச் சிரிக்க வைத்தார். உடலை முழுக்கத் தளர்த்திவைத்துக்கொண்டு அதன் எடையை மட்டும் கட்டுப்படுத்துவது எத்தனை கடினம் என்பதை நடிப்புப் பயிற்சி தருபவர்களைக் கேட்டு எழுதியிருந்தால், அது எத்தனையோ இளைஞர்களுக்குப் பாடமாக இருந்திருக்கும். அதே ஆண்டில் வெளிவந்த ‘நம்மவர்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. தேசிய விருதுகளில் நகைச்சுவை நடிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை. மகளை இழந்த தந்தையாக அழுது காட்டிய பிறகே அந்த மேடையில் அவர் ஏற முடிந்தது. 2009 ஜனவரியில் அவர் மறைந்தபோது பத்ம விருது ஏதும் இல்லாமலே மறைந்தார். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மனோரமா ஆச்சிக்குக் கிடைத்த இடம் ஓரளவு நியாயமானது என்று சொல்லலாம். கின்னஸ் பதிவு, 1989-இல் வந்த ‘புதிய பாதை’க்காகத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ, ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமை ஆகியவற்றை எல்லா இதழ்களும் எழுதின. ஆயினும் ஆயிரம் படங்கள் என்ற எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதும் ஒரு வகைச் சோம்பல்தான். மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் வசனமும் பாட்டும் கற்றுக்கொண்டு, 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’யில் திரைக்கு வந்த அவர், நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று முற்றிலும் வேறுபட்ட வேகங்களைக் கொண்ட நடிகர்களோடு இணைந்து நடித்தார். ஒவ்வொருவருக்கும் ஏற்பத் தம் வேகத்தை மாற்றிக்கொண்டார். சென்னைத் தமிழையும் செட்டிநாட்டுத் தமிழையும் கொங்குத் தமிழையும் ஒன்றோடொன்று கலக்காமல் பேசினார். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி, நாடகக்காரியின் வறுமையையும் செருக்கையும் ஒரே சிரிப்பில் காட்டிய வேடம். ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடக மேடையை உள்ளிருந்து அறிந்த ஒருவரால் மட்டுமே அதை அப்படிச் செய்திருக்க முடியும்.

பெண் நகைச்சுவைக் கலைஞர்கள் என்று பேச்சு வந்துவிட்டதால், ஒரு கேள்வியையும் முன்வைக்கிறேன். மதுரம், சி.டி.ராஜகாந்தம், டி.பி.முத்துலட்சுமி, எம்.சரோஜா, மனோரமா, சச்சு, கோவை சரளா என்று இடைவெளியில்லாமல் வந்துகொண்டிருந்த வரிசை இப்போது ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டது? ‘வீரத்திருமகன்’ படத்தில் நாயகியாக நடித்த சச்சு, இரண்டே ஆண்டுகளில் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷுக்கு இணையாக நடிக்க முன்வந்தது எளிதான முடிவன்று, நாயகி என்ற இடத்துக்குத் திரும்ப முடியாமல் போகலாம் என்பது அந்தத் தொழிலில் இருந்த எவருக்கும் தெரியும். 1995-இல் ‘சதி லீலாவதி’யில் கமல்ஹாசனுக்கு ஈடாகக் கொங்குத் தமிழ் பேசி நடித்த கோவை சரளாவுக்கு, அதன் பிறகு அத்தகைய வேடங்கள் எத்தனை எழுதப்பட்டன? இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க வேண்டியது நாளிதழ்தான்.

அடுத்து, நகைச்சுவையை எழுதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்கள் பெயர் தங்கள் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. 1980-களில் கவுண்டமணியும் செந்திலும் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தார்கள் என்பது உண்மை. ‘கரகாட்டக்கார’னின் வாழைப்பழக் காட்சியை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத தமிழர் அரிது. ஆனால் ‘வைதேகி காத்திருந்தாள்’, ‘கரகாட்டக்காரன்’ உள்ளிட்ட படங்களின் நகைச்சுவைப் பகுதிகளை எழுதியவர், தாமும் நடிகராக இருந்த ஏ.வீரப்பன் என்பதைச் சொல்லும் கட்டுரைகள் எத்தனை? வாழைப்பழக் காட்சியை எழுத்தாக எடுத்து வைத்துப் பார்த்தால், அதன் கட்டுக்கோப்பு விளங்கும். இரண்டு பழம், ஒரு ரூபாய், ஒரே கேள்வி. கேள்வி மாறுவதே இல்லை, பதிலும் மாறுவதில்லை. கேட்பவரின் கோபம் மட்டும் படிப்படியாக ஏறுகிறது. புதிய செய்தி எதுவும் இல்லாமல் ஒரு காட்சியை இத்தனை நேரம் நிறுத்திவைக்க, எழுதியவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நடித்தவர்களுக்கு நேரம் தெரிந்திருக்க வேண்டும். பலரும் கவுண்டமணியின் சத்தத்தைப் பாராட்டுவார்கள். நான் செந்திலின் அமைதியைப் பாராட்டுவேன். அந்த வெகுளி முகத்தோடு அவர் தரும் பதிலில் ஓர் இம்மி அளவு குறும்பு எட்டிப்பார்த்திருந்தாலும் காட்சி விழுந்திருக்கும். வீரப்பனும், சபா நாடகத்திலிருந்து வந்து கமல்ஹாசனின் படங்களுக்கு வசனம் எழுதிய கிரேசி மோகனும், இன்னும் பெயர் வெளியே வராமல் நடிகர்களின் குழுவில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த எத்தனையோ பேரும் இல்லாமல் தமிழ் நகைச்சுவையின் வரலாறு முழுமை பெறாது.

வடிவேலுவைச் சுற்றியிருந்த துணை நடிகர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அல்வா வாசு, கிருஷ்ணமூர்த்தி, போண்டா மணி, வெங்கல் ராவ், முத்துக்காளை என்று ஒரு பெரிய குழு அவரோடு நடித்தது. அடிப்பவரும் துரத்துபவரும் வேடிக்கை பார்ப்பவரும் சரியான கணத்தில் சரியான இடத்தில் நிற்காவிட்டால் வடிவேலுவின் உடல்மொழிக்கு இலக்கே இருந்திருக்காது. இவர்களில் பெரும்பாலோர் நாள் கணக்கில் ஊதியம் பெற்றவர்கள். கால்ஷீட் இருக்கும் நாளில் வருமானம், இல்லாத நாளில் இல்லை. முன்னணி நடிகர் ஒருவர் சில ஆண்டுகள் நடிக்காமல் ஒதுங்கினால், அவரை நம்பியிருந்த இருபது வீடுகளில் அடுப்பு அணைகிறது. 2023 டிசம்பரில் சிறுநீரக நோயால் போண்டா மணி மறைந்தபோது அவருடைய மருத்துவமனைப் படங்களை எல்லா இதழ்களும் வெளியிட்டன. அவர் எத்தனை ஆண்டுகள் நடித்தார், என்ன ஏற்பாட்டில் ஊதியம் பெற்றார், நோயுற்றபோது காப்பீடு எதுவும் இருந்ததா என்று எந்த இதழும் விசாரித்து எழுதியதாக என் கண்ணில் படவில்லை. நோயாளியின் படத்தை வெளியிட்டு இரக்கத்தைத் திரட்டுவதைவிட, அந்த விசாரணை அடுத்து நோயுறப்போகும் நடிகருக்குப் பயன்பட்டிருக்கும்.

அவர்கள் நடித்த காட்சிகளோ ஓய்வெடுப்பதே இல்லை. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகள் நாள் முழுவதும் பழைய நகைச்சுவைக் காட்சிகளைக் கொண்டே இயங்குகின்றன. 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற வேடமான காண்ட்ராக்டர் நேசமணி, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில், தமிழ் தெரியாதவர்களும் யாரிவர் என்று கேட்கும் அளவுக்குச் சமூக ஊடகங்களை நிறைத்தார். காட்சிகளிலிருந்து இத்தனை ஆண்டுகளாக வருமானம் வந்துகொண்டிருக்கும்போது, அவற்றில் நடித்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டா? 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இதைப் பற்றிப் பேசுகிறது. தம் நடிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்து மூலம் ஒப்புதல் தந்த நடிகர், தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது; எனினும் அந்த நடிப்பு வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது உரிமத்தொகை பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று அச்சட்டம் சொல்கிறது. அதே சட்டம், படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெறாமல், போகிற போக்கில் சிறிதாகத் தோன்றிச் செல்பவரை இந்தப் பயனிலிருந்து விலக்கிவைக்கிறது. பாடகர்கள் ஒரு சங்கம் அமைத்துத் தங்களுக்குரிய தொகையை வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். நடிகர்களுக்கு, அதிலும் துண்டு துண்டாக வெட்டி மறுபடி மறுபடி காட்டப்படும் நகைச்சுவை நடிகர்களுக்கு, இதே ஏற்பாடு ஏன் கைகூடவில்லை என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் தயாரிப்பாளர்களிடமும் நடிகர் சங்கத்திடமும் சட்டம் அறிந்தவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும். சொல்லப்போனால், இந்தக் கடிதத்தில் நான் கேட்பவற்றுள் முதன்மையானது இதுதான்.

தொழிலை எழுதுங்கள் என்று நான் கேட்பதைப் புகழ்மாலை கேட்பதாகத் தாங்கள் கொள்ளக் கூடாது. தமிழ் நகைச்சுவையில் கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் குள்ள உருவத்தையும் திக்குவாயையும் இழிவுபடுத்திச் சிரித்த காட்சிகள் ஏராளம். பெண்ணை அடிப்பதும் மனைவியை ஏசுவதும் சிரிப்பாக விற்கப்பட்டன. நான் மேலே போற்றிய பெருங்கலைஞர்கள் பலரும் அத்தகைய காட்சிகளில் நடித்திருக்கிறார்கள். ஒருவரின் வேலையை மதிப்பதென்றால் அந்த வேலையின் குற்றங்களையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். சோகக் கதை எழுதும்போது இந்தப் பொறுப்பும் நழுவிவிடுகிறது. இறந்தவரைப் பற்றி இரக்கம் பொங்க எழுதிக்கொண்டே அவருடைய நகைச்சுவையை எடைபோட முடியாது.

தனியாக ஓடும் நகைச்சுவைப் பகுதி என்ற வழக்கம் இப்போது ஏறத்தாழ மறைந்துவிட்டது. சந்தானம் நாயகனாகிவிட்டார், சூரி 2023-இல் ‘விடுதலை’யில் சிரிப்பே இல்லாத காவலராக நின்றார், அதே ஆண்டில் ‘மாமன்ன’னில் வடிவேலு பேசாமல் நிற்கும் இடங்களே படத்தைத் தாங்கின. இவர் இப்படியும் நடிப்பாரா என்று பலர் வியந்ததைப் படித்தபோது எனக்கு வருத்தம்தான் ஏற்பட்டது. 1992-இல் ‘தேவர் மகன்’ படத்தில் கையை இழந்த இசக்கியாக அவர் நடித்ததை நாம் முப்பது ஆண்டுகளாகப் பேசாமல் விட்டதால்தான் அந்த வியப்பு எழுந்தது. 2021 ஏப்ரலில் விவேக் மறைந்தபோதும், அவர் நட்ட மரக்கன்றுகளைப் பற்றி நிறைவாக எழுதிய இதழ்கள், நாளிதழ்ச் செய்தியையும் அரசியல் பேச்சையும் நகைச்சுவை வசனமாக மாற்றும் அவருடைய எழுத்து முறையைப் பற்றி ஏதும் எழுதவில்லை. மரக்கன்றுகள் மிக நல்ல காரியம். ஆனால் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்த தொழில் நகைச்சுவை.

எனவே தங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். கவுண்டமணி, செந்தில், ஜனகராஜ், சச்சு, கோவை சரளா ஆகியோர் நம்மோடு இருக்கிறார்கள். நேர்காணலுக்கு எளிதில் இசையாதவர்களும் இவர்களில் உண்டு என்பதை அறிவேன். ஆனாலும் அவர்கள் வாழும் காலத்திலேயே, ஒவ்வொருவரின் தொழிலைப் பற்றியும் விரிவான ஒரு தொடரைத் தங்கள் இதழ் தொடங்க வேண்டும். அவர்களிடம் குடும்பத்தைப் பற்றியும் பட்ட கஷ்டத்தைப் பற்றியும் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரு காட்சியை எத்தனை முறை ஒத்திகை பார்த்தார்கள், எந்த வசனம் தாளில் இருந்தது, எது படப்பிடிப்பில் பிறந்தது, டப்பிங்கில் எதைச் சேர்த்தார்கள், எதிரே நடித்தவர் எப்படி உதவினார் என்று கேட்கச் சொல்லுங்கள். நாடகக் கம்பெனி நாள்களைப் பற்றிச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகிறார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் என்ற கோமாளி வேடம் கட்டுபவர்களிடம், திரைக்குப் போன பழைய நடிகர்களின் பாணியைப் பற்றிக் கேட்டால் எந்த நூலிலும் இல்லாத செய்திகள் கிடைக்கும் என்று நம்புகிறேன். பின்னணிக் கலைஞர்களையும் துணை நடிகர்களையும் நகைச்சுவை வசனம் எழுதியவர்களையும் இந்தத் தொடரில் விட்டுவிடக் கூடாது.

மேலும், நகைச்சுவைக் காட்சியின் படத்தைத் தங்கள் இதழிலோ இணையப் பக்கத்திலோ வெளியிடும்போதெல்லாம், அது எந்தப் படம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர்கள் யார் யார், அந்தப் பகுதியை எழுதியவர் யார் என்ற விவரங்களை ஒரு வரியில் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்னணி நடிகரின் பெயரை மட்டும் போட்டு, அருகில் நிற்பவரைப் பெயரில்லாமல் விடும் வழக்கத்தை அடுத்த ஞாயிறு இணைப்பிலிருந்தே மாற்றிக்கொள்ள முடியும். அதற்குத் தனிச் செலவு எதுவும் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்